கத்தம் முடித்த மகளுக்குக் காயிதாவைக் கொடுத்த மக்தப்: 14 மாத அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஆலிம் (மார்க்க அறிஞர்) இல்லை, அரபி தெரியாது, குர்ஆனைத் தட்டுத்தடுமாறி ஓதுகிற சாதாரண ஆள். திருச்சியில் பாய்லர் பாகங்கள் செய்யும் ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்டில் வெல்டிங் இன்ஸ்பெக்டர் வேலை. அடுத்தவர் செய்த வேலையில் ஓட்டை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். மகளையும் மகனையும் 14 மாதமாக ஒரு மாலை மக்தபுக்கு, அதாவது பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கும் வகுப்புக்கு, அனுப்புகிறேன், அதைப் பற்றி நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள், ஒவ்வொருவருக்கும் வாய்ஸ் மெசேஜ் போட்டு மாளவில்லை, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். பெயரும் தெருவும் போடவில்லை. இருக்கிற 60 பிள்ளைகளுக்கே இடம் போதவில்லை, தயவுசெய்து கூட்டம் சேர்த்துவிடாதீர்கள் என்று நிர்வாகியே கேட்டுக்கொண்டார்.

இங்கே போய்ச் சேர்ந்த கதை கொஞ்சம் வெட்கக்கேடானது. மகள் 9 வயதில் கத்தம் முடித்தாள், அதாவது குர்ஆனை முழுக்க ஓதி முடித்தாள். வீட்டில் நார்சா (பங்கிடும் தின்பண்டம்) கொடுத்தோம், ஓதிக்கொடுத்த ஹஜ்ரத்துக்கு வேட்டி சட்டை வைத்தோம், நன்னி (பாட்டி) அவள் கழுத்தில் ஒரு மெல்லிய செயின் போட்டு போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இரண்டு மாதம் கழித்து நோன்பு நேரத்தில் என் மாமனார் வந்திருந்தார். அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்தவர், பேத்தி கத்தம் முடித்த சந்தோஷத்தில் குர்ஆனை எடுத்து நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, இதை ஓதும்மா என்றார். சூரா நஹ்ல் என்று நினைவு. முதல் வரியைத் தாண்ட முடியவில்லை அவளால். யாஸீன் ஓதச் சொன்னால் கடகடவென்று வரும், ஆனால் விரல் ஒரு வரியில் இருக்கும், வாய் அடுத்த வரியில் இருக்கும். ஓதியதெல்லாம் ஹஜ்ரத் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னது, எழுத்தைப் பார்த்து ஓதியது இல்லை. மாமனார் ஒன்றும் சொல்லவில்லை, "சரிம்மா, போய் விளையாடு" என்று குர்ஆனை வாங்கி மூடி வைத்தார். எனக்கு நோன்பு திறக்கும்வரை அந்த அறைக்குள் போகவே முடியவில்லை.

அந்தப் பழைய இடத்தைக் குறை சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. பள்ளிவாசல் மக்தப், இலவசம், 35 பிள்ளைகள், ஒரே ஹஜ்ரத். அவர்தான் ஐந்து நேரமும் தொழ வைக்க வேண்டும், ஜும்ஆ பயான் அவர், நிக்காஹ் ஓத அவர், மையித்து விழுந்தால் அவர். போய்க் கேட்டபோது, "35 பிள்ளைங்க பாய், நான் ஒரு ஆளு" என்றார், அதற்கு மேல் அவர் என்ன சொல்ல முடியும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், தொழில்புத்தி போகாது அல்லவா. ஒரு மணி நேரத்தை 35 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 2 நிமிடம்கூட வராது. வருடத்துக்கு 220 நாள் மக்தப் நடந்தது என்று வைத்துக்கொண்டாலும் ஒரு பிள்ளையின் வாயை உஸ்தாத் நேரில் கேட்டது வருடம் முழுக்கச் சேர்த்து 6 மணி நேரம் சொச்சம். அதில் எழுத்துக்கூட்டவும் கற்றுக்கொண்டு, குர்ஆனின் 30 ஜுஸ்உவும் (பாகங்களும்) முடித்து, துஆ, தொழுகை முறை எல்லாம் வர வேண்டும் என்றால் எப்படி வரும்?

அதற்கு அப்புறம் ஆன்லைன். வாரம் 3 நாள், அரை மணி நேரம், ஒரு உஸ்தாத் ஒரு பிள்ளை, மாதம் 1,800 ரூபாய். காகிதத்தில் பார்த்தால் இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. 7 மாதத்தில் 4 உஸ்தாத் மாறினார்கள். வந்தவர் ஒவ்வொருவரும் முந்தையவர் எங்கே விட்டார் என்று தெரியாமல், மகளிடமே "எங்கம்மா நிறுத்தினோம்?" என்று கேட்டு, அவள் சொன்ன இடத்திலிருந்து தொடங்கினார்கள். அவளும் தனக்குத் தெரிந்த இடமாகப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள், கெட்டிக்காரி. மாதக் கடைசியில் ஒரு ரிப்போர்ட் வரும், எல்லாக் கட்டத்திலும் எக்ஸலென்ட். அது போக, எங்கள் வீட்டு நெட்டிலும் 900 ரூபாய் ஹெட்செட்டிலும் ஸீனும் ஸாதும் ஸாவும் ஒரே சத்தமாகத்தான் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கும். நல்ல ஆன்லைன் உஸ்தாதுகள் இருக்கிறார்கள், நண்பன் வீட்டில் ஒருவரைப் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு வாய்க்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த மக்தப் ஒரு வீட்டு மாடியில் நடக்கிறது. அஸருக்குப் பிறகு ஒரு பேட்ச், மஃரிபுக்குப் பிறகு ஒரு பேட்ச், தலா 75 நிமிடம், வெள்ளியும் ஞாயிறும் லீவு. ஒரு பேட்சில் 30 பிள்ளைகள், 3 பேர் ஓதிக்கொடுக்கிறார்கள், ஆக ஒருவருக்கு 10 பிள்ளை. மொத்தம் 4 ஆலிமாக்கள் (பெண் ஆலிம்கள்), 2 ஹஜ்ரத்கள். மாதம் முதல் பிள்ளைக்கு 700, இரண்டாவது பிள்ளைக்கு 500. 75 நிமிடத்தில் 45 நிமிடம் குர்ஆனுக்கு மட்டும், மீதியில் துஆ, ஹதீஸ், ஃபிக்ஹு (மார்க்கச் சட்டம்), சீரா (நபி வரலாறு) முறை வைத்து நடக்கும். பழைய கணக்கையே இங்கே போட்டால் தலைக்கு நாலரை நிமிடம், வருடத்துக்கு 16 மணி நேரம். அப்போதே பாதி விஷயம் புரிந்துவிட்டது எனக்கு.

பாடத்திட்டம் என்று ஒரு புத்தகம் கொடுக்கிறார்கள், மாதவாரியாக என்ன முடிக்க வேண்டும் என்று போட்டு, பக்கத்தில் உஸ்தாத் கையெழுத்து, பெற்றோர் கையெழுத்து என்று கட்டம். நிறைய பேர் இந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். நான் மயங்கவில்லை. கட்டம் நிறையக் கையெழுத்து இருக்கிற ரிப்போர்ட்டை எங்கள் ஷாப்பில் தினமும் பார்க்கிறேன், உள்ளே வெல்டில் விரல் நுழைகிற அளவுக்குக் குழி இருக்கும். இன்றைக்குத் தமிழில் மக்தப் பாடப் புத்தகங்களுக்குப் பஞ்சமே இல்லை, வண்ணப் படத்தோடு வழவழவென்று வருகின்றன. அந்தப் பழைய மக்தபிலும் ஒரு நல்ல புத்தகம் இருந்தது, பையிலேயே இருந்தது.

எனக்குப் பிடித்தது வேறு. இங்கே ஒரு பிள்ளை காயிதாவில், அதாவது அரபு எழுத்துக்கூட்டக் கற்றுத்தரும் முதல் புத்தகத்தில், ஒரு பாடத்திலிருந்து அடுத்த பாடத்துக்குப் போக வேண்டுமானால் ஓதிக்கொடுத்த உஸ்தாத் கையெழுத்துப் போட முடியாது. இன்னொரு உஸ்தாத் கேட்க வேண்டும். சேர்ந்த முதல் வாரத்தில் இதைக் கேள்விப்பட்டதும் நிர்வாகியைப் பார்த்து, பாய், இதைத்தான் எங்கள் வேலையில் ஹோல்ட் பாயிண்ட் என்போம் என்றேன், அவருக்குப் புரியவில்லை, சிரித்து வைத்தார். வெல்டர் தன் வெல்டைத் தானே பாஸ் செய்ய முடியாது, இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை வேலை அந்த இடத்தில் நிற்கும், முதலாளியே வந்து கத்தினாலும் நிற்கும். இங்கேயும் நிற்கிறது. மகன் ஷத்து (எழுத்தை இரட்டிக்கும் குறி) பாடத்தில் 5 வாரம் நின்றான். நான் போய்க் கத்தவில்லை, ஆனால் கத்திய பெற்றோரைப் பார்த்தேன், "என் அண்ணன் பையன் வேற இடத்துல ஜுஸ்உ அம்ம முடிச்சுட்டான்" என்று. ஆலிமா அசையவில்லை.

கேட்கும்போது ஒரு அட்டையில் இரண்டு நிறத்தில் குறிக்கிறார்கள். சிவப்பு என்றால் லஹ்ன் ஜலி, அதாவது எழுத்தே மாறுவது, ஸபர் ஜேராவது (அகரம் இகரமாவது) போன்ற பெரிய பிழை. நீலம் லஹ்ன் கஃபீ, குன்னா (மூக்கொலி) குறைந்தது, மத்து (நெடில்) நீளம் போதவில்லை என்பது போன்ற நுணுக்கமான பிழை. சிவப்பு 3 விழுந்தால் அதே பாடம் மறுபடி, நீலம் எத்தனை விழுந்தாலும் அடுத்த பாடத்துக்குப் போகலாம், ஆனால் குறிப்பு கூடவே போகும். தஜ்வீத் (ஓதல் இலக்கணம்) படித்தவர்களுக்கு இந்தப் பிரிவு காலங்காலமாகத் தெரிந்ததுதான். ஆனால் அதைப் பிள்ளையின் அட்டையில் கொண்டுவந்து, எதற்கு நிறுத்துவது, எதற்கு விடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறார்களே, அங்கேதான் நான் விழுந்தேன். எல்லாப் பிழைக்கும் அடிக்கிற உஸ்தாதும் உண்டு, எல்லாவற்றையும் மாஷா அல்லாஹ் என்று விடுகிற உஸ்தாதும் உண்டு, இரண்டு பேரிடமும் பிள்ளைக்கு எது பெரிய தப்பு என்று தெரிவதே இல்லை.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் தனிச் சிக்கல் இருக்கிறது. நம் நாக்குக்குப் பழகிய எழுத்து ஒன்றை வைத்து அரபியில் மூன்று நான்கு எழுத்தைச் சமாளிக்கிறோம். அலீம் என்று தமிழில் எழுதினால் ஒன்றுதான். ஐன் வைத்து ஓதினால் நன்கறிந்தவன், அல்லாஹ்வின் பெயர். அலிஃபில் ஓதினால் வேதனை தரும் என்று பொருள், அதாபுன் அலீம் என்று வேதனையைச் சொல்லும் இடங்களில் வருவது. இரண்டும் குர்ஆனில் அடிக்கடி வரும். அப்புறம் இந்த ளாத் என்ற எழுத்து. அதைத் தமிழில் எப்படி எழுதுவது என்பதிலேயே நமக்குள் ஒற்றுமை கிடையாது, ரமலான், ரமளான், ரமழான், உருது வழியில் ரம்ஜான். தெருவுக்குத் தெரு ஃபிளெக்ஸ் போர்டைப் பார்த்தால் நான்கும் கிடைக்கும். என் அத்தா காலத்து ஓதல் எல்லாம் ழகரம்தான், வலள்ளாலீனில் அழகாக ஒரு ழ வரும். இந்த ஆலிமாக்கள் அதை நாக்கின் ஓரத்தைக் கடைவாய்ப் பல்லில் வைக்கச் சொல்லித் திருத்துகிறார்கள், மகளுக்கு 3 மாதம் ஆனது. வீட்டுக்கு வந்து என்னைத் திருத்துகிறாள், எனக்கு இன்னும் வரவில்லை.

தமிழ் எழுத்தில் அச்சடித்த யாஸீன், துஆ புத்தகம் எதையும் மக்தபுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது விதி. நியாயமான விதிதான், ஆனால் வீட்டில் அம்மாக்கள் பலருக்கு அதுதான் ஒரே வழி, அவர்களுக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரு பெற்றோர் கூட்டத்தில் கேட்டேன். சனிக்கிழமை காலை பெண்களுக்கு ஒரு காயிதா வகுப்பு தொடங்கியிருக்கிறார்கள், 8 பேர் வருகிறார்கள். இந்த இடத்தில் என் பெரிய நன்னியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவருக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது, ஆனால் அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் தமிழை எழுதிய பழைய புத்தகங்களைச் சரளமாக வாசிப்பார், கடிதமும் அப்படியே எழுதுவார். அரபியில் இல்லாத நம் ஓசைகளுக்கு எழுத்தில் புள்ளியும் கோடும் சேர்த்து வைத்திருந்தார்கள் அந்தக் காலத்தில். ஒரே எழுத்துப் பயிற்சியில் குர்ஆனும் வந்தது, சட்டமும் வந்தது, ஊர்க்கதையும் வந்தது. அந்தப் பாடத்திட்டத்தைப் போட்டவர் யாராக இருந்தாலும் புத்திசாலி.

காயிதா என்று சொன்னேன் அல்லவா, இங்கே நூரானி காயிதா. லூதியானாவைச் சேர்ந்த மௌலவி நூர் முஹம்மது எழுதியது, இந்தியா முழுக்க ஓடுவது. அலிஃப் ஸபர் அ, அலிஃப் ஜேர் இ, அலிஃப் பேஷ் உ என்று ஒவ்வொரு எழுத்தையும் கூட்டிச் சொல்லி ஓதும் முறை. மெதுவாகத்தான் போகும், பிள்ளைக்கு அலுப்பு வரும், ஆனால் ஒரு தடவை பிடித்துக்கொண்டால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கூட்டி ஓதிவிடலாம். இந்தோனேசியாவில் யோக்யகர்த்தாவைச் சேர்ந்த அஸ்அத் ஹுமாம் எழுதிய இக்ரா என்ற 6 தொகுதிப் புத்தகம் நேர் எதிர். கூட்டல் கிடையாது, பார்த்ததும் சத்தம்தான். என்னோடு வேலை பார்த்த ஒருவர் அங்கே ஒரு பவர் பிளான்ட் வேலைக்குப் போய் இரண்டு வருடம் குடும்பத்தோடு இருந்தவர், பையன் அங்கே இக்ராவில் தொடங்கி இங்கே வந்து நூரானியில் மாட்டிக்கொண்டு, நன்றாக ஓதத் தெரிந்தும் கூட்டத் தெரியாமல் விழித்தான். எது உசத்தி என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. நடுவில் மாற்றாதீர்கள், அவ்வளவுதான்.

இந்தோனேசியா போய் வந்த அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் என் காதில் விழுந்தது. அங்கே சுராபயாவில் உம்மி என்று ஒரு அமைப்பு, குர்ஆன் ஓதிக்கொடுக்க ஒரு முறை வைத்திருக்கிறது. அந்த முறையை ஒரு பள்ளி எடுத்துக்கொள்ள வேண்டுமானால் முதலில் பிள்ளைகளைத் தொடுவதில்லை. ஆசிரியர்களை உட்காரவைத்து அவர்கள் ஓதலைக் கேட்கிறார்கள், தஷிஹ் என்று பெயர். தேறாதவர்களுக்குத் திருத்தப் பயிற்சி, அதற்கு அப்புறம்தான் ஓதிக்கொடுக்கச் சான்றிதழ், பிறகு மேற்பார்வை. பிள்ளைகளுக்குக் கடைசித் தேர்வு முனாகஷா, அதைச் சொந்தப் பள்ளி உஸ்தாத் நடத்துவதில்லை. ஒரு ஆசிரியருக்கு 10 முதல் 15 பிள்ளை வரைதான் என்பதும் அவர்கள் விதியில் உண்டு. கேட்டதும் எனக்கு எங்கள் வெல்டர் தகுதித் தேர்வு நினைவுக்கு வந்துவிட்டது. ஒருவர் 20 வருட அனுபவசாலியாக இருக்கட்டும், டெஸ்ட் பீஸ் வெல்ட் செய்து காட்டாமல் வேலையில் கை வைக்க முடியாது, தேறிய பிறகும் 6 மாதம் அந்த முறையில் வெல்டிங் செய்யாமல் இருந்தால் ஏஎஸ்எம்இ (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) விதிப்படி தகுதி காலாவதி. நம் ஊரில் ஸனது (ஆலிம் பட்டம்) வாங்கி 15 வருடம் ஆன ஒருவரின் ஓதலை யாராவது மறுபடி கேட்டிருக்கிறார்களா? கேட்டால் மரியாதைக் குறைவு ஆகிவிடும்.

இந்த மக்தபில் கேட்கிறார்கள். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு வெளியிலிருந்து ஒரு காரி (ஓதலில் தேர்ந்தவர்) வருகிறார், 6 பேரும் அவரிடம் ஓதிக் காட்ட வேண்டும், ஆலிமாக்கள் திரைக்கு இந்தப் பக்கமிருந்து. அவரே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பிள்ளைகளில் பத்துப் பேரைச் சீட்டுப் போட்டு எடுத்துக் கேட்கிறார். யார் வருவார்கள் என்று முன்னால் தெரியாது, அதனால் கெட்டிக்காரப் பிள்ளையை முன்னால் நிறுத்துகிற வேலை நடக்காது. என் மனைவி ஒரு ஆலிமாவிடம், உங்களுக்கும் பயமாக இருக்குமா என்று கேட்டாளாம். "எங்களுக்கும் சிவப்பு விழும்க்கா" என்று சிரித்திருக்கிறார். இந்த ஒரு பதிலுக்காகவே நான் மாதம் 1,200 கொடுக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மலையாளிகளுக்கு இதெல்லாம் புதிது இல்லை. எங்கள் ஷிஃப்டில் மலப்புறத்துக்காரர் ஒருவர் இருக்கிறார், நான் வியந்து சொல்வதைக் கேட்டு அவருக்கு ஒரே சிரிப்பு. அங்கே சமஸ்தா என்ற ஆலிம்கள் அமைப்பின் மதக் கல்வி போர்டு 1951-ல் தொடங்கியது, இன்றைக்கு 10,000-க்கும் மேல் மதரஸாக்கள் அதன் கீழ். எல்லா இடத்திலும் ஒரே பாடப் புத்தகம், 5, 7, 10, 12 வகுப்புகளுக்குப் பொதுத் தேர்வு, ஹால் டிக்கெட் எல்லாம் உண்டு, முஃபத்திஷ் என்று ஆய்வாளர்கள் மதரஸா மதரஸாவாக வந்து பார்ப்பார்கள். ஊர் மாறிப் போனாலும் பிள்ளை டிசி வாங்கிக்கொண்டு அதே வகுப்பில் போய் உட்காரலாம். காலையில் பள்ளிக்கூடத்துக்கு முன்னாலேயே மதரஸா முடிந்துவிடுவதால் பிள்ளை தூங்கி வழியாமல் ஓதும். நமக்குப் பெரிய அரபுக் கல்லூரிகளுக்குக் குறைவில்லை, வேலூர் பாகியாத், 1924-ல் தொடங்கிய உமராபாத் தாருஸ்ஸலாம் என்று வரலாறு பெரியது, அங்கேயிருந்து வந்த ஆலிம்கள்தான் நம் ஊர்களில் எல்லாம் நிற்கிறார்கள். ஆனால் 6 வயதுப் பிள்ளையின் மாலை நேர மக்தப் அந்தந்த ஜமாஅத்தின் தலையெழுத்து. முத்தவல்லி (பள்ளிவாசல் நிர்வாகத் தலைவர்) நல்லவராக இருந்தால் நடக்கும், மாறினால் மாறும். இத்தனைக்கும் பெரும்பாலான பிள்ளைக்கு மார்க்கக் கல்வி என்றால் இந்த ஒரு மணி நேரம்தான். 2006-ல் வந்த சச்சார் குழு அறிக்கையே, பள்ளி வயது முஸ்லிம் பிள்ளைகளில் முழுநேர மதரஸாவில் படிப்பவர்கள் நூற்றுக்கு 4 பேருக்கு மேல் இல்லை, மக்தபையும் மதரஸாவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள் என்று சொன்னது. மீதி 96 பேரின் பாடத்திட்டத்தை யார் பார்த்துக்கொள்வது?

இனி குறைகள். முதலாவது, காலண்டர். மக்தப் வருடம் நோன்புக்கு அடுத்த மாதமான ஷவ்வாலில் தொடங்கி நோன்புக்கு முந்தைய ஷஃபானில் முடிகிறது, பள்ளிக்கூடம் ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. ஹிஜ்ரி வருடம் 11 நாள் போலக் குறைவு என்பதால் இரண்டும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டே போகும். இப்போதைய வருடங்களில் ஷஃபான் ஜனவரி, பிப்ரவரியில் விழுகிறது, மக்தப் ஆண்டுத் தேர்வும் பள்ளி ரிவிஷன் டெஸ்டும் ஒரே வாரத்தில். மகள் ஒரு கையில் கணக்கு, ஒரு கையில் 40 ஹதீஸ் என்று திண்டாடினாள். ஷவ்வால்தான் சுன்னத் மாதிரி எல்லாரும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், அது வெறும் பழக்கம். தேர்வை டிசம்பரில் வைத்துவிட்டு மீதி நாளைத் திருப்பி ஓதுவதற்கு விடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். பார்க்கலாம் என்றார்கள்.

இரண்டாவது, குர்ஆன் தவிர மற்ற பாடம் எல்லாம் சுமார்தான். 40 ஹதீஸும் அரபியில் மனப்பாடம், அர்த்தம் தமிழில் மனப்பாடம். தேர்வில் முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள் மாடிப்படியில் செருப்பை மிதித்துத் தள்ளிக்கொண்டு இறங்குகிறார்கள், வழியில் கிடக்கும் தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்ற ஹதீஸை அப்போதுதான் ஒப்பித்துவிட்டு. சீரா என்ற பெயரில் வருடமும் பெயரும் போர்க்களமும். குர்ஆன் ஓதலுக்குச் சிவப்பு நீலம் என்று இவ்வளவு யோசித்தவர்கள் இதற்கு ஒன்றும் யோசிக்கவில்லை. மனப்பாடத்தைக் கேட்டு மதிப்பெண் போடுவது சுலபம், அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது, மத்ஹப், அதாவது மார்க்கச் சட்டப் பிரிவு. நான் ஹனஃபி, மனைவி ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம், ஷாஃபி. புத்தகத்தில் ஹனஃபி ஃபிக்ஹு மட்டும்தான். மாமியார் வீட்டில் சுபுஹ் தொழுகையில் இரண்டாவது ரக்அத்தில் எல்லாரும் கையேந்திக் குனூத் (நின்றபடி கேட்கும் துஆ) ஓத, மகன் நேராக ஸஜ்தாவுக்குப் போய்விட்டு, தொழுகை முடிந்ததும் உம்மும்மாவிடம் "குனூத் வித்ருலதான், நீங்க தப்பா தொழுவுறீங்க" என்றான், 8 வயது. வீடே சிரித்தது, மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டும் சரி, இவர்கள் இப்படி, அவர்கள் அப்படி என்று அரைப் பக்கம் சேர்த்தால் தீர்ந்தது. இதைச் சொன்னதும் ஒரு ஹஜ்ரத் ஒத்துக்கொண்டார், அடுத்த அச்சில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஆலிமாக்களில் ஒருவர் ஷாஃபி என்பதால் இப்போதைக்கு வாய்மொழியாகச் சொல்லிக்கொடுக்கிறார்.

அப்புறம் சில்லறை விஷயங்கள். நாம் சிறு வயதிலிருந்து பார்த்த இந்திய அச்சுக் குர்ஆன்தான் இங்கே. யாராவது ஹஜ்ஜுக்குப் போய் வந்து 604 பக்க மதீனா முஸ்ஹஃபைக் கொடுத்தால் பிள்ளைகளுக்கு நிறுத்தல் குறி, ஸுகூன் (உயிர் சேராத எழுத்தின் குறி) வடிவம் எல்லாம் மாறித் தெரியும், குழம்பும். வீட்டிலும் அதே அச்சு வாங்கி வையுங்கள். வாட்ஸ்அப் குரூப் ஒரு தொல்லை, ஒரு நாளைக்கு 40 மெசேஜ், அதில் ஹோம்வொர்க் ஒன்றுதான். உடல்நலக் குறைவோ கற்றல் சிரமமோ உள்ள பிள்ளைகளுக்கு இங்கே ஏற்பாடு எதுவும் இல்லை, வந்த ஒருவரை நாசூக்காகத் திருப்பி அனுப்பியதைப் பார்த்தேன், எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு ஆலிமா கல்யாணமாகிப் போய்விட்டார், அதுவும் மகள் குரூப்புக்கு ஓதிக்கொடுத்தவர். ஆன்லைன் ஞாபகத்தில் பயந்தேன். புதிதாக வந்தவர் முதல் நாள் அட்டையை எடுத்துப் பார்த்தார், ஐன் இன்னும் தொண்டையிலிருந்து வரவில்லை என்று மூன்று மாதமாகச் சிவப்பில் இருப்பதைப் படித்தார், அங்கிருந்தே பிடித்துக்கொண்டார். "எங்கம்மா நிறுத்தினோம்?" என்று யாரும் கேட்கவில்லை.

மதிப்பெண் கேட்பீர்கள். குர்ஆன் ஓதலுக்கு 5-க்கு நாலரை. மற்ற பாடங்களுக்கு இரண்டரை, அதுவும் ஆலிமாக்களின் பொறுமைக்காக. கட்டணம் நியாயம், வரும் ஷவ்வாலிலிருந்து 100 ரூபாய் கூட்டப் போகிறார்கள், ஓதிக்கொடுப்பவர்களின் சம்பளத்துக்கு என்று சொன்னதால் யாரும் முணுமுணுக்கவில்லை. மகன் காயிதாவை முடிக்கும் தறுவாயில் இருக்கிறான். மகள் இப்போது நாலாவது ஜுஸ்உ, கத்தம் முடித்தவளுக்கு இது பின்னடைவு என்று சொந்தக்காரர்கள் பேசுவது காதில் விழுகிறது. விரலும் வாயும் ஒரே வரியில் இருக்கின்றன.

சேர்க்கை நோன்பு முடிந்து பத்து நாளில். ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடம் கேட்டுப் பார்த்துத்தான் எந்தப் பாடம் என்று முடிவு செய்வார்கள், எந்த மக்தபில் எத்தனை ஜுஸ்உ முடித்தது என்ற கதை எடுபடாது. மகளைப் போலக் கத்தம் முடித்துவிட்டு எழுத்துக்கூட்டத் தெரியாதவர்களுக்கு என்று தனி குரூப்பே இருக்கிறது, அவள் சேர்ந்தபோது 5 பேர், இப்போது 9 பேர். அப்படி ஒரு பிள்ளை உங்களிடம் இருந்தால் கையில் காயிதா வரும் என்று வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப் போங்கள். நான் சொல்லாமல் கூட்டிப் போனேன், ஆட்டோவில் வீடு வந்து சேரும்வரை அழுதாள்.